தண்டோரா சொல்லாத வெள்ளிக்கிழமை

பிப்ரவரி 2, திங்கள்

இன்சூரன்ஸ் ஏஜென்ட் கொடுத்த டைரி ஜனவரி முழுக்கச் சமையல் மேடையில் கிடந்தது. தேன்மொழி அதன்மேல் சூடான குக்கரை இறக்கி வைக்க ஆரம்பித்தாள். என் மனைவிக்கு எதையும் வீணாக்கப் பிடிக்காது. அவளிடமிருந்து காப்பாற்றியதற்காகவாவது தினமும் எழுத வேண்டும்.

எழுத விஷயமும் இருக்கிறது. 27-ஆம் தேதி என் தண்டோராவைக் கம்பெனியின் ஐந்து டீம்களுக்கும் மேடையேறிக் காட்டச் சொல்லிவிட்டார் மேனேஜர் ஆரோக்கியராஜ்.

நாங்கள் பள்ளி வண்டிகளுக்கான ஆப் செய்கிறோம். வண்டி இரண்டு ஸ்டாப் முன்னால் வரும்போதே பெற்றோருக்குச் செய்தி போகும். அந்த ஆப்பில் வாரத்துக்கு நாலைந்து மாற்றங்களை லைவில், அதாவது நிஜமாக ஓடுகிற சர்வரில், ஏற்றுவோம். முன்பெல்லாம் ஏதாவது புட்டுக்கொண்டால் யார் எதை ஏற்றினார்கள் என்று கண்டுபிடிக்க அரை நாள் ஆகும். கேட்டால் எல்லாரும் மோட்டுவளையைப் பார்ப்பார்கள். அதற்காகத்தான் தண்டோராவை எழுதினேன். பார்க்க ஒன்றுமே இல்லை. கறுப்புத் திரையில் ஒரு வரி தட்டுவது, அவ்வளவுதான். தட்டினால் மாற்றம் லைவில் ஏறும், கூடவே டீம் சாட்டில் செய்தியும் போய் விழும்: இன்னார், இன்ன நேரத்தில், இன்னதை ஏற்றினார்.

செய்தி விழுந்ததும் டீமில் எல்லாரும் ‘கேட்டுச்சு’ என்று பதில் போட வேண்டும். நான் வைத்த சட்டம். இன்னும் இரண்டு சட்டங்கள் உண்டு. வெள்ளிக்கிழமை யாரும் லைவில் கை வைக்கக் கூடாது. எதுவும் பழுதானால், தண்டோராவில் கடைசியாக எவர் பெயர் இருக்கிறதோ அவர்தான் ‘என்ன நடந்தது’ என்று அறிக்கை எழுதி, செவ்வாய்க்கிழமைக் கூட்டத்தில் நின்று வாசிக்க வேண்டும். பிரிண்ட் எடுத்துச் சுவரில் ஒட்டியிருக்கிறேன். கையெழுத்து: சிவசண்முகம்.

வாஷிங் மெஷினில் தண்ணீர் வடியவில்லை. அளவுக்கு மேல் துணி போட்டால் இப்படித்தான் ஆகும் என்று தேன்மொழியிடம் சொன்னேன். அவள் வாளியை எடுத்துக்கொண்டு போனாள். ரிப்பேர் ஆளுக்குப் போன் செய்திருக்கிறேன்.

பிப்ரவரி 5, வியாழன்

உமா மகேஸ்வரி இன்று முதல்முறையாகத் தனியாக லைவில் ஏற்றினார். வண்டிச் செய்தியில் டிரைவர் பெயரும் சேர்ந்து வருகிற மாற்றம். சாயங்காலம் ஐந்தரை. அவர் பெயரோடு தண்டோரா விழுந்ததும் வரிசையாக ஆறு ‘கேட்டுச்சு’. ஆரோக்கியராஜ் ஜிலேபி வாங்கிவரச் சொன்னார்.

உமாவுக்கு முப்பத்தெட்டு வயது. இரண்டு குழந்தைகளுக்காக எட்டு வருடம் வேலையை விட்டிருந்து, திரும்ப வந்தவர். அன்னூரிலிருந்து தினமும் பஸ். ஆறு மாதத் தகுதிகாண் காலம் இந்த 27-ஆம் தேதி முடிகிறது. எட்டு வருட இடைவெளியைக் காட்டி இருபத்திரண்டு கம்பெனிகள் கதவைச் சாத்தியதாக ஒருமுறை சொன்னார். எண்ணி வைத்திருக்கிறார் பாருங்கள்.

ஜிலேபி நன்றாக இருந்தது.

பிப்ரவரி 6, வெள்ளி

தண்டோராவில் ஒரு சின்னச் சோதனை செய்து பார்த்தேன். வேறொன்றும் விசேஷமில்லை. மெஷின் ஆள் வரவில்லை.

பிப்ரவரி 9, திங்கள்

காலை ஏழேகாலிலிருந்து போன் அடித்தபடி இருந்தது. வண்டி வந்து போன பிறகுதான் பெற்றோருக்குச் செய்தி போயிருக்கிறது. பத்து நிமிடம், பன்னிரண்டு நிமிடம் தாமதம். முந்நூறு பிள்ளைகளாவது வண்டியை விட்டிருப்பார்கள். ப்ளஸ் டூவுக்குப் பிராக்டிகல் தேர்வு நடக்கிற வாரம் வேறு.

நான் போய்ச் சேர்வதற்குள் ஆரோக்கியராஜ் சாட்டைத் திறந்து வைத்திருந்தார். கடைசித் தண்டோரா: உமா மகேஸ்வரி, வியாழன், ஐந்தரை. “எல்லாத்தையும் புதன்கிழமை நிலைமைக்குக் கொண்டு போ” என்றார். கொண்டுபோனோம். நாலே நிமிடத்தில் எல்லாம் சரியாகிவிட்டது.

“அப்ப வியாழக்கிழமை மாற்றம்தான்” என்றார் அவர். எல்லாரும் தலையாட்டினார்கள்.

உமா மட்டும் எழுந்து, “வெள்ளிக்கிழமை காலையிலயும் சாயங்காலமும் செய்தியெல்லாம் நேரத்துக்குப் போச்சுங்களே? என்னோடது தப்புன்னா அன்னிக்கே தெரிஞ்சிருக்கோணுமே” என்றார்.

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். இந்த மாதிரி விஷயத்தில் என்னைத்தான் பார்ப்பார்கள்.

“திங்கட்கிழமை சர்வருக்கு லோடு அதிகம்” என்றேன்.

பிப்ரவரி 10, செவ்வாய்

உமா நின்றுகொண்டு அறிக்கை வாசித்தார். ஒரே ஒரு பக்கம். “என் மாற்றத்தில் பிழை எங்கே என்று இன்னும் தெரியவில்லை. தேடிக்கொண்டிருக்கிறேன். பெற்றோர்களிடம் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன்.” காகிதத்தை நாலாக மடித்துக்கொண்டு உட்கார்ந்தார்.

வீட்டுக்கு வந்து சமையலறை ஃபேனைக் கழற்றித் துடைத்தேன். இரண்டு வருட அழுக்கு.

பிப்ரவரி 11, புதன்

கீழ்வீட்டு ருக்மணியக்கா மாடிப்படியில் எதிரே வந்தார். வலது கையில் மாவுக்கட்டு. திங்கட்கிழமை செய்தி நேரத்துக்கு வராமல் மகள் தர்ஷினி வண்டியை விட்டுவிட, கெமிஸ்ட்ரி பிராக்டிகலுக்கு ஸ்கூட்டரில் கூட்டிக்கொண்டு பறந்திருக்கிறார். கணபதி ரோட்டில் மணலில் சறுக்கி விழுந்ததில் மணிக்கட்டில் விரிசல். பிள்ளைக்கு அடியில்லை. ஸ்கூலில் இரண்டாவது பேட்ச்சில் உட்கார வைத்துவிட்டார்களாம்.

“உங்க கம்பெனி ஆப்பு தானுங்களே தம்பி? என்னாச்சுங்க அன்னிக்கு?”

“ஒரு புது ஆளுங்கக்கா. பழகலை” என்றேன்.

வாயிலிருந்து அப்படியே வந்துவிட்டது. நான் யோசித்துச் சொன்னதில்லை.

பிப்ரவரி 12, வியாழன்

6-ஆம் தேதி ஒரு சோதனை செய்ததாக எழுதியிருக்கிறேன். அது சோதனைதான். தண்டோராவில் ‘கமுக்கம்’ என்று ஒரு ஆப்ஷன் வைத்திருக்கிறேன். அதைச் சேர்த்துத் தட்டினால் மாற்றம் ஏறும், சாட்டில் சத்தம் வராது. எனக்கு மட்டும் தெரிந்தது. சோதனை பார்க்கும்போதெல்லாம் ஆறு பேர் போனும் அலறக் கூடாதே என்றுதான் வைத்தேன். எதற்கும் இதை எழுதி வைக்கிறேன்.

முன்கதவுக் கீல் ஸ்குரூ, கட்டில் ஸ்குரூ, குக்கர் கைப்பிடி எல்லாம் முறுக்கினேன்.

பிப்ரவரி 13, வெள்ளி

உமா தன் மாற்றத்தின் வரிகளை எல்லாம் பிரிண்ட் எடுத்து வைத்திருக்கிறார். முப்பது பக்கமாவது இருக்கும். அன்னூர் பஸ்ஸில் படிக்கிறாராம். ஓரமெல்லாம் பென்சில் குறிப்பு. மத்தியானம் சாப்பாட்டு டப்பாவைத் திறந்து வைத்துவிட்டு, சாப்பிடாமல் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். எனக்கு எரிச்சலாக வந்தது. இல்லாத பிழையை எத்தனை நாள் தேடுவார்?

‘இல்லாத’ என்று எழுதிவிட்டேன். அடிக்கப்போவதில்லை, இருக்கட்டும்.

பிப்ரவரி 15, ஞாயிறு

சரி. இந்த டைரியை வேறு யார் படிக்கப் போகிறார்கள்?

6-ஆம் தேதி வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஐந்து நாற்பது. பிள்ளைகளெல்லாம் வீடு போய்ச் சேர்ந்தாயிற்று. சர்வர் தேவையில்லாமல் மூச்சு வாங்குகிறது என்று பல நாளாக எனக்கு ஒரு உறுத்தல். வண்டி எங்கே இருக்கிறது என்று ஐந்து நொடிக்கு ஒருமுறை பார்ப்பதைப் பதினைந்து நொடிக்கு ஒருமுறை ஆக்கினால் போதும். அது புரோகிராமிலேயே இல்லை, சர்வரில் தனியாக இருக்கும் ஒரு எண். ஒரு நிமிட வேலை. ஆனால் வெள்ளிக்கிழமை. சுவரில் என் கையெழுத்து. திங்கள்வரை பொறுக்கலாம் என்றால் எனக்குப் பொறுமை கிடையாது. கமுக்கமாக ஏற்றினேன்.

அந்த இடத்தில் வெறும் எண்ணைப் போட்டால் அது நிமிடம். நொடி வேண்டுமானால் எண்ணுக்குப் பக்கத்தில் நொடி என்று குறிக்க வேண்டும். நான் வெறும் பதினைந்து போட்டேன். ஐந்து நொடி கால் மணி நேரமாகிவிட்டது. புதிதாகச் சேர்கிற ஒவ்வொருவருக்கும் இந்த விதியை வகுப்பெடுத்துச் சொல்கிறவன் நான்தான். உமாவுக்கும் சொல்லியிருக்கிறேன்.

திங்கட்கிழமை எல்லாவற்றையும் புதன்கிழமை நிலைக்குக் கொண்டுபோனபோது அவருடைய மாற்றமும் போயிற்று, என் பதினைந்தும் போயிற்று. எது போனதால் சரியானது என்று யாரும் கேட்கவில்லை. சர்வரில் ஒரு பதிவு இருக்கிறது. ஒவ்வொரு மாற்றமும் பெயரோடு, நேரத்தோடு. அதை யாரும் பார்ப்பதில்லை. எல்லாம்தான் சாட்டில் வந்துவிடுகிறதே. தண்டோராவில் வராதது நடக்கவே இல்லை என்று இவர்களைப் பழக்கியவன் நான்.

எழுதியதும் கொஞ்சம் ஆறுதலாக இருக்கும் என்று நினைத்தேன். இல்லை.

பிப்ரவரி 16, திங்கள்

உமா என் மேஜைக்கு வந்தார். “ஏனுங்க சண்முகம், சர்வர்ல ஒரு பதிவு இருக்கும்னு படிச்சேனுங்க. அதை எப்படிப் பார்க்கறதுங்க?”

“அது எதுக்கு? சாட்லயே எல்லாம் இருக்கே.”

“ஆமாங்க. இருந்தாலும்...”

“அதுல கண்டது கடியது எல்லாம் இருக்கும். குழம்பிப்போயிருவீங்க.”

“சரிங்க” என்று போய்விட்டார்.

இன்றைக்கு நான் செய்தது வெள்ளிக்கிழமை செய்ததைவிட மோசம். அது அவசரத்தில் செய்தது. இதை அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டே செய்தேன்.

பிப்ரவரி 18, புதன்

உமா பிரிண்டையெல்லாம் கொண்டுவரவில்லை. தேடி அலுத்துவிட்டார் போலிருக்கிறது. மத்தியானம் நிம்மதியாகச் சாப்பிட்டார். எனக்கும் கொஞ்சம் நிம்மதி.

கை கழுவுகிற இடத்தில் ஒன்று கேட்டார். “இந்தத் தண்டோராவுல சொல்லாம விட்டது ஏதாச்சும் இருந்தா, அது எங்க போய்ச் சேரும்ங்க?”

தொழில்நுட்ப சந்தேகம் என்பதால் விளக்கினேன். சாட் வேலை செய்யாத நேரத்தில் செய்திகள் தொலைந்துபோகக் கூடாது. அதனால் போகாத செய்தி ஒரு ஃபைலில் காத்திருக்கும். ‘தண்டோரா பாக்கி’ என்று தட்டினால் பழைய தேதியோடு அப்படியே போய் விழும்.

“அப்ப அழிஞ்சு போகாதுங்க?”

“போகாது.”

“நல்லதுங்க” என்றார். புத்திசாலிப் பெண். விஷயத்தை நன்றாகப் பிடித்துக்கொள்கிறார்.

பிப்ரவரி 20, வெள்ளி

ஆரோக்கியராஜ் டீ குடிக்கக் கூப்பிட்டார். ரோட்டோரக் கடையில் நின்றுகொண்டே சொன்னார்: “உமா விஷயம்ப்பா. வேலை நல்லாத்தான் பண்றாங்க. ஆனா அன்னிக்கு நடந்தது மேல வரைக்கும் போயிருச்சு. தப்பு எங்கன்னே கண்டுபிடிக்க முடியாத ஆளை எப்படி நிரந்தரமாக்குறதுன்னு கேக்குறாங்க. 27-ஆம் தேதி நாலு மணிக்கு லெட்டர் கொடுக்கணும். நீ என்ன சொல்ற?”

நான் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். அவர் என்னைத்தான் கேட்டார்.

“உங்க முடிவுதான்” என்றேன். டீ ஆறிப்போயிருந்தது.

பிப்ரவரி 22, ஞாயிறு

தேன்மொழி துணியைக் கையில் துவைத்துக்கொண்டே கேட்டாள்: “ஏனுங்க, வீட்ல இருக்கற ஸ்குரூ எல்லாம் முறுக்கியாச்சா, இன்னும் பாக்கி இருக்குதா?”

“எதுக்குக் கேக்கற?”

“ரெண்டு வாரமா ஒரு இடத்துல உக்காரலை. சோறு திங்கறப்பக்கூட நடந்துக்கிட்டே திங்கறீங்க. யாருக்கு என்ன பண்ணுனீங்க?”

‘என்ன ஆச்சு’ என்று அவள் கேட்கவில்லை. பதினான்கு வருடக் குடித்தனம். சொன்னேன். மனப்பாடம் செய்த மாதிரி வேகமாக ஆரம்பித்து, ருக்மணியக்கா கையில் அடிபட்ட இடம் வந்தபோது நிறுத்திவிட்டேன்.

அவள் கையிலிருந்த துணியைப் பிழிந்தாள். ரொம்ப நேரம் பிழிந்தாள். பிறகு, “அந்தப் பொண்ணு எட்டு வருசம் வீட்ல இருந்துட்டு வந்துச்சுன்னு நீங்கதானுங்க சொன்னீங்க. நான் பதினோரு வருசமா இருக்கேன்” என்றாள். பிழிந்த துணியோடு கொடிக்குப் போய்விட்டாள்.

ருக்மணியக்காவின் அம்மா படுக்கையில் கிடந்த காலத்தில் அந்தக் குடும்பம் பட்ட பாடு எல்லாம் தேன்மொழிக்குத்தான் தெரியும். நாளைக்குக் கீழே போய்த் துணி அலசிக் கொடுப்பாளாம். அக்காவுக்கு ஒரு கைதானே.

பிப்ரவரி 24, செவ்வாய்

மெஷின் ஆள் ஒருவழியாக வந்தான். அடியில் கழற்றி ஒரு ஸ்குரூவை எடுத்துக் காட்டினான். வடிகட்டியில் மாட்டியிருந்திருக்கிறது. என் பேன்ட் பையில் கிடந்த ஸ்குரூ. தேன்மொழி அதை வாங்கி, கழுவி, என் மேஜை மேல் வைத்தாள். இதோ, டைரி பக்கத்தில் இருக்கிறது.

பிப்ரவரி 25, புதன்

கமுக்கம் ஆப்ஷனைத் தண்டோராவிலிருந்து நீக்கிவிட்டேன். இனி யாராலும் சத்தமில்லாமல் ஏற்ற முடியாது. இதோடு முடிந்தது என்று எழுந்தேன்.

மறுபடி உட்கார்ந்து பாக்கி ஃபைலைத் திறந்தேன். ஒரே ஒரு வரி: கமுக்கமாக ஏற்றிய 6-ஆம் தேதிச் செய்தி. அதையும் அழித்துவிட்டால் வேலை முடிந்தது. விரல் டெலீட் பட்டன் மேல்தான் இருந்தது. எவ்வளவு நேரம் என்று தெரியவில்லை. அழிக்கவில்லை. சொல்லவும் இல்லை. இந்த இரண்டுக்கும் நடுவில் ஒரு மனிதன் எத்தனை நாள் நிற்க முடியும் என்று எனக்கு இப்போது தெரியும். பத்தொன்பது நாள்.

பிப்ரவரி 26, வியாழன்

நாளை பதினொரு மணிக்கு மேடை. நாலு மணிக்கு உமாவுக்கு லெட்டர். சட்டைக்கு இஸ்திரி போட்டாயிற்று.

பிப்ரவரி 27, வெள்ளி

பெரிய ஹாலில் ஐம்பது பேர். எனக்குப் பின்னால் திரையில் ஒரு பாதி கறுப்புத் திரை, மறுபாதி எங்கள் டீம் சாட். முன்வரிசையில் ஆரோக்கியராஜ். மூன்றாவது வரிசை ஓரத்தில் உமா, மடியில் கைப்பை.

இருபது நிமிடம் நன்றாகத்தான் பேசினேன். இரண்டு இடத்தில் சிரித்தார்கள். கடைசியில் கேள்வி நேரம். கட்டண டீமைச் சேர்ந்த ஒருவர் கேட்டார்: “தண்டோராவுக்குத் தெரியாம யாராவது லைவ்ல ஏத்த முடியுமா?”

நேற்று முன்தினம்தானே நீக்கினேன். “முடியாது” என்பது இன்றைக்கு உண்மையான பதில். ஒரே சொல். சொல்லியிருந்தால் கைதட்டியிருப்பார்கள்.

“முடிஞ்சது” என்றேன். “காட்டறேன்.”

‘தண்டோரா பாக்கி’ என்று தட்டினேன். திரையின் மறுபாதியில் செய்தி விழுந்தது:

*வண்டியைச் சரிபார்க்கும் இடைவெளி: 5 நொடியிலிருந்து 15. ஏற்றியவர்: சிவசண்முகம். பிப்ரவரி 6, வெள்ளி, மாலை 5.40.*

மற்ற டீம்களுக்கு ஒன்றும் புரியவில்லை. எங்கள் டீமில் ஆறு பேருக்கும் படித்தவுடனே புரிந்துவிட்டது. வெள்ளிக்கிழமை, வெறும் பதினைந்து. ஆரோக்கியராஜ் மெதுவாக எழுந்து நின்றார். நான் மைக்கில், “9-ஆம் தேதி பழுதுக்குக் காரணம் இதுதான். உமா மாற்றத்துல எந்தப் பிழையும் இல்லை. எனக்கு அன்னிக்கே தெரியும்” என்றேன். கடைசி வாக்கியத்தைச் சொல்ல வேண்டும் என்று நான் திட்டமிடவில்லை. அது இல்லாமல் முடிக்க முடியவில்லை.

மதியம் ஆரோக்கியராஜ் கதவைச் சாத்திக்கொண்டு பேசினார். எழுத விருப்பமில்லை. தண்டோராவை மற்ற டீம்கள் எடுக்கப்போவதில்லை. என் லைவ் அனுமதி நிறுத்தப்பட்டிருக்கிறது. செவ்வாய்க்கிழமை நான் அறிக்கை வாசிக்க வேண்டும். சுவரில் இருப்பது என் சட்டம்தானே.

நாலு மணிக்கு உமாவுக்கு லெட்டர் வந்தது. நிரந்தரம். படித்துவிட்டு மடித்துக் கைப்பையில் வைத்தார். கிளம்பும்போது என் மேஜையருகே நின்றார்.

“பதினேழாம் தேதியே சர்வர் பதிவைப் பார்த்துட்டேனுங்க” என்றார். “நானாவே படிச்சுக் கத்துக்கிட்டேன்.”

“பத்து நாளா ஏன் சொல்லலை?”

“நான் சொன்னா, தப்பிக்கறதுக்குச் சொன்ன மாதிரி ஆயிருக்கும்ங்க. நீங்களா சொல்றீங்களான்னு இருபத்தேழு வரைக்கும் பார்க்கலாம்னு இருந்தேன். நாலு மணிக்கு மேல நானே சொல்லியிருப்பேன்.” கைப்பையைத் தோளில் மாட்டினார். “அந்தப் பத்து நாளும் உங்களை எனக்குப் பிடிக்கவே இல்லீங்க. இன்னும் பிடிக்கலை.”

ஐந்தேகால் பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று போய்விட்டார்.

பிப்ரவரி 28, சனி

கீழே போய் ருக்மணியக்காவிடம் சொன்னேன். புது ஆள் இல்லை, நான்தான் என்று. அவர் என்னைப் பார்த்தார், கட்டுப் போட்ட கையைப் பார்த்தார். “டீ வெக்கறதுக்குக்கூட முடியறதில்லை தம்பி” என்றார். நானே வைத்துக் கொடுத்தேன். சர்க்கரை அதிகம் என்றார்.

சாட்டைத் திறந்து பார்த்தேன். தண்டோராவின் பழைய செய்தி ஒவ்வொன்றுக்கும் கீழே ஆறு ‘கேட்டுச்சு’. நேற்றைய செய்திக்குக் கீழே ஒன்றுகூட இல்லை.

மார்ச் 3, செவ்வாய்

நின்றுகொண்டு வாசித்தேன். நாலு பக்கம். ‘சர்வர் பதிவைப் பார்க்க வேண்டாம் என்று அவரிடம் சொன்னேன்’ என்ற வரி வந்தபோது கண்ணாடியைக் கழற்றித் துடைக்க வேண்டியிருந்தது. முடித்ததும் எல்லாரும் எழுந்தார்கள். நாற்காலிகளை இழுத்துப் போட்டுவிட்டுப் போனார்கள்.

சாயங்காலம் நாலு மணிக்குப் போன் ஒருமுறை அதிர்ந்தது. வெள்ளிக்கிழமைச் செய்திக்குக் கீழே ஒரே ஒரு பதில் வந்திருந்தது. உமா மகேஸ்வரி.

‘கேட்டுச்சுங்க.’